ஊதவும் உறிஞ்சவும் ஒரே வண்டி: மோட்டாரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்

நீங்கள் கேட்டது இது: நடைபாதை, சிமெண்ட் தளம், புல்வெளி ஓரம் ஆகிய இடங்களில் கிடக்கும் சருகையும் சில்லறைக் குப்பையையும் அகற்ற, கையால் தள்ளிப் போகும் சக்கர வண்டி ஒன்றை வடிவமைக்கிறீர்கள். ஒரே மோட்டார், ஒரே விசிறி. ஒரு நெம்பைத் திருப்பினால் ஊத வேண்டும், மறுபடி திருப்பினால் உறிஞ்ச வேண்டும். இதற்கு எத்தனை குதிரைத்திறன் போதும் என்பது கேள்வி. படித்துப் பார்த்தால் குதிரைத்திறன் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: நேர்மாறான இரண்டு வேலைகளை ஒரு விசிறியால் ஒழுங்காகச் செய்ய முடியுமா? முடியும். ஆனால் மோட்டாரைக் கடைசியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தரையைத் தொடும் வாயிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வந்தால் மோட்டார் தானாகவே முடிவாகிவிடும். மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு வாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த வண்டி இப்போது உதிரிபாகங்களாக என் ஷெட்டில் கிடக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மரவேலைப் பட்டறைகளுக்குத் தூசி உறிஞ்சும் குழாய்களும் விசிறிகளும் கணக்குப் போட்டுச் செய்து கொடுப்பது பல வருடமாக என் வேலை. தோட்டத்துக்கான சக்கர வண்டி இரண்டு செய்திருக்கிறேன். ஒன்று மேலே சொன்னது, இன்னொன்று இன்றும் ஓடுகிறது. எனவே காற்று, குழாய், விசிறி பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஈரச் சருகு எப்படி நடந்துகொள்ளும், பை எவ்வளவு நேரத்தில் அடைக்கும் என்பதெல்லாம் கணக்குக்குள் அடங்காத விஷயங்கள். அங்கே நான் தருவது அனுபவ மதிப்பீடு மட்டுமே.

முதலில் மனதில் பதிய வேண்டியது ஊதுவதற்கும் உறிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம். எரிகிற மெழுகுவத்தியை ஒரு முழம் தள்ளி வைத்து ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து எவ்வளவு மூச்சை உள்ளே இழுத்தாலும் சுடர் ஆடக்கூட ஆடாது. காரணம் எளிது. குழாயிலிருந்து வெளியேறும் காற்று ஒரே திசையில் தாரையாகப் போகிறது. உள்ளே போகும் காற்றோ முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேர்கிறது. கணக்கில் சொன்னால், உறிஞ்சும் வாயிலிருந்து அந்த வாயின் ஒரு விட்ட தூரம் தள்ளிப் போனாலே காற்றின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஊதும் தாரையோ ஆறு விட்டம் வரை மையத்தில் வேகமே குறையாமல் போகும், 30 விட்டம் தாண்டியும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்காது. அதாவது 18 சென்டிமீட்டர் குழாயை வைத்து உறிஞ்சினால், 18 சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கிற இலைக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. மோட்டாரை இரண்டு மடங்காக்கினாலும் இந்த நிலைமை பெரிதாக மாறாது. வாயைத் தரைக்குக் கொண்டுபோவது ஒன்றுதான் வழி. கையில் பிடிக்கும் கருவியில் அதை ஒரே சீராகச் செய்ய முடியாது, கை ஏறி இறங்கும். சக்கரம் வைத்தால் முடியும். என் கணக்கில் சக்கரத்தின் முதல் பயன் இதுதான், பாரம் தாங்குவது இரண்டாவதுதான்.

அதனால் தரைக்கும் முன் வாய்க்கும் இடையே உள்ள இடைவெளிதான் உங்கள் வண்டியின் உண்மையான ஆக்சிலரேட்டர். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வாயின் அகலம் 60 சென்டிமீட்டர், தரையிலிருந்து இடைவெளி 4 சென்டிமீட்டர், விசிறி இழுப்பது விநாடிக்கு அரை கன மீட்டர் காற்று. பக்கங்களையும் பின்புறத்தையும் ரப்பர் பட்டையால் மூடிவிட்டால் காற்று முழுக்க முன்புற இடைவெளி வழியாகத்தான் வர வேண்டும். அப்போது அங்கே வேகம் விநாடிக்கு சுமார் 20 மீட்டர். இது சருகை மட்டுமல்லாமல் சிறு குச்சியையும் கிளப்பிவிடும். இடைவெளியை 8 சென்டிமீட்டர் ஆக்கினால் வேகம் பாதியாகும். இலையைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் விசை கால்பங்காகும். நான்கு சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் முக்கால்வாசி பலம் போய்விடுகிறது பாருங்கள். ஆகவே முன் வாயின் உயரத்தை மாற்றும் ஏற்பாடு கண்டிப்பாக வேண்டும், அதுவும் குனியாமல் கைப்பிடியிலிருந்தே மாற்றும்படி. சிமெண்ட் தளத்தில் தாழ்வாகவும், குவிந்து கிடக்கும் சருகின் மேல் உயர்வாகவும் போக வேண்டும். ரொம்பத் தாழ்த்திவிட்டால் வாய்க்கு முன்னால் சருகு மண்வாரியால் தள்ளியதுபோல் குவிந்துகொண்டே போகும், உள்ளே வராது. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறை பார்க்கும் காட்சி அது.

வாய் அகலமாகவும் குழாய் ஒடுக்கமாகவும் இருப்பதால் நடுவில் மட்டும் இழுத்து ஓரங்களில் இழுக்காமல் போகும் சிக்கல் ஒன்று வரும். அதற்கு, வாயின் மேல்தகடு தரைக்கு இணையாகத் தட்டையாக இல்லாமல், இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி மெதுவாக உயர வேண்டும். உள்ளே ஓரிரு தடுப்புத் தகடு வைத்தும் பிரிக்கலாம், ஆனால் அந்தத் தகட்டின் விளிம்பில் நீளமான காம்பு சிக்கும். நான் தகடு வைக்காமல் சரிவை மட்டும் வைத்துச் சமாளித்தேன். இரும்பில் வெட்டுவதற்கு முன்னால் அட்டையிலோ பிளைவுட்டிலோ ஒரு வாய் செய்து, உள்ளே சின்னச் சின்ன நூல் துண்டுகளை ஒட்டிக் காற்றைப் போட்டுப் பாருங்கள். நூல் எங்கே துவண்டு கிடக்கிறதோ அங்கே காற்று இல்லை.

அடுத்தது குழாய். காய்ந்த இலை காற்றில் விழும் வேகம் விநாடிக்கு ஒன்றிலிருந்து மூன்று மீட்டர்தான் இருக்கும், ஆக அதைத் தூக்குவது சிரமமே இல்லை. இருந்தும் குழாயில் வேகம் 20 மீட்டருக்குக் குறையாமல் வைப்பது நல்லது, இல்லாவிட்டால் வளைவுகளில் படிந்து அடைக்கும். மரச்சீவலுக்கும் பட்டறைகளில் கிட்டத்தட்ட இந்த வேகத்தைத்தான் வைக்கிறோம். அரை கன மீட்டர் காற்றுக்கு 20 மீட்டர் வேகம் என்றால் குழாய் விட்டம் சுமார் 18 சென்டிமீட்டர். மேலே நான் எடுத்த எண் இங்கிருந்துதான் வந்தது.

இப்போது கல். தோட்டத்தில் இலை இருந்தால் கல்லும் இருக்கும், அது விசிறிக்குள் போவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். இதற்கு அழகான தீர்வு ஒன்று உண்டு. 10 மில்லிமீட்டர் உருண்டைக் கல்லைக் காற்றில் மிதக்க வைக்க மேல்நோக்கி விநாடிக்கு சுமார் 25 மீட்டர் வேகம் தேவை. 5 மில்லிமீட்டர் கல்லுக்கு 18, இரண்டரை மில்லிமீட்டர் கல்லுக்கு 12 அல்லது 13. இலைக்கோ மூன்று மீட்டரே போதும். எனவே வாய்க்கும் விசிறிக்கும் நடுவே செங்குத்தாக மேலே போகும் பெட்டி ஒன்றை வைத்து, அதில் மட்டும் குறுக்குப் பரப்பை அதிகமாக்கி வேகத்தை 12 மீட்டருக்கு இறக்கிவிட்டால், இலை மேலே போகும், கல் கீழே விழுந்து தட்டில் சேரும். உள்பக்கம் 20 சென்டிமீட்டர் சதுரம் இருந்தால் கிட்டத்தட்ட அந்த வேகம் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கல் ஏற்கெனவே வேகம் எடுத்து உள்ளே வருகிறது. பெட்டிக்குள் நுழையும் இடத்தில் நேராக மேலே எகிறாதபடி ஒரு மடிப்பு வைத்து, முதலில் ரப்பர் ஒட்டிய சுவரில் மோத விடுங்கள். தட்டையான ஓடு, பாட்டில் மூடி போன்றவை இலையைப் போலவே மிதந்து மேலே போய்விடும். அவற்றை இந்தப் பெட்டி பிடிக்காது.

விசிறிக்கு வருவோம். இங்கே ஒரு பிரிவு இருக்கிறது, இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். குப்பை விசிறி வழியாகப் போய்ப் பைக்குள் விழுவதா, அல்லது வீட்டு வேக்குவம் க்ளீனர் போலக் குப்பை முதலில் பெட்டியில் தங்கி, சுத்தமான காற்று மட்டும் விசிறிக்குப் போவதா? இரண்டாவது வழியில் விசிறிக்கு அடியே படாது. பின்னோக்கி வளைந்த இறக்கைகள் கொண்ட நல்ல விசிறியைப் போட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் பெட்டி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும், வெற்றிடத்தில் உள்ளே ஒடுங்காத அளவு பலமாகவும் இருக்க வேண்டும். சருகு நொறுங்காமல் அப்படியே கிடப்பதால் பெட்டி பத்து நிமிடத்தில் நிரம்பும், பெட்டிக்குள் உள்ள வலையில் முழு இலை ஒட்டிக்கொண்டு காற்றை நிறுத்தும். உங்கள் குப்பையில் பெரும்பகுதி மணலும் தூசியும் என்றால் இந்த வழிதான் சரி. பெரும்பகுதி சருகு என்றால் விசிறி வழியாக விடுங்கள். அதுவே நறுக்கிக் கொடுத்துவிடும். பத்து மூட்டைச் சருகு ஒரு மூட்டையாகும் என்று கருவிகளின் பெட்டிமேல் போட்டிருப்பார்கள். மொறுமொறுவென்று காய்ந்த இலைக்கு அது நடக்கலாம். கலந்து கட்டிய தோட்டக் குப்பையில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று குறைந்தாலே நான் திருப்தி அடைந்துவிடுவேன்.

விசிறி வழியாக விடுவதென்றால் இம்பெல்லர், அதாவது விசிறிக்குள் சுழலும் சக்கரம், அதன் இறக்கைகள் மையத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு வகையாக இருக்கட்டும். ஐந்து அல்லது ஆறு இறக்கை, முன்பக்கம் மூடித்தகடு இல்லாமல். செயல்திறன் குறைவுதான், நாற்பது சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன், நீங்கள் செய்ததை அளந்துபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். வளைந்த இறக்கைகளின் இடுக்கில் நார் சுற்றி நிற்கும், இதில் நிற்காது. இரும்புத் தகடு மூன்று மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பிளாஸ்டிக் இம்பெல்லர் கைக்கருவிக்குச் சரி, இந்த அளவுக்குப் போகாதீர்கள். 35 சென்டிமீட்டர் இம்பெல்லர் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றினால் இறக்கை நுனியின் வேகம் விநாடிக்கு 66 மீட்டர். அதில் கல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சமநிலைப்படுத்துவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறக்கையில் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஐந்து கிராம் ஈரமண் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். 3,600 சுற்றில் அது உண்டாக்கும் விசை நூறு நியூட்டனுக்கு மேல், அதாவது பத்து கிலோவுக்கும் அதிகமான எடை நிமிடத்துக்கு 3,600 தடவை பேரிங்கை நாலாபக்கமும் இழுப்பது போல. ஐந்து கிராம் என்பது ஒரு நாணயத்தின் எடை. எனவே இம்பெல்லரை வெல்டிங் செய்ததும் சமநிலைப்படுத்துவது ஒரு முறை வேலை. வோல்யூட்டில், அதாவது விசிறியைச் சுற்றியுள்ள நத்தை ஓட்டில், கழற்றி உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்ய ஒரு கதவு வைப்பது காலம் முழுக்க உதவும் வேலை. அந்தக் கதவை விரல்களால் திறக்க முடியக்கூடாது, ஸ்பானர் போட்டால்தான் திறக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, இப்போது மோட்டார். உறிஞ்சும்போது: வாய், குழாய், கல் பெட்டி, வளைவுகள் எல்லாம் சேர்ந்து காற்றுக்குத் தரும் தடை சுமார் 600 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), பை சுத்தமாக இருந்தால் 200, பாதி அடைத்தால் 600. ஆக 1,200 பாஸ்கல், அரை கன மீட்டர். பெருக்கினால் 600 வாட் காற்றுக்குப் போகிறது, நாற்பது சதவீதச் செயல்திறனில் ஷாஃப்டில், அதாவது மோட்டாரின் சுழலும் தண்டில், 1,500 வாட். ஊதும்போது: நாசிலில், அதாவது ஊதும் குழாயின் ஒடுங்கிய முனையில், விநாடிக்கு 60 மீட்டர் வேகம் வேண்டும் என்றால் அதற்கே 2,160 பாஸ்கல், இழப்புகளோடு 2,400. காற்று 0.35 கன மீட்டர். 840 வாட் காற்றுக்கு, ஷாஃப்டில் 2,100. மேலே சொன்ன 35 சென்டிமீட்டர் இம்பெல்லர் 3,600 சுற்றில் இந்த அழுத்தத்தை எட்டிவிடும். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடி பதில்: மூன்று குதிரைத்திறனில் (சுமார் 2,240 வாட்) ஆரம்பியுங்கள், கொஞ்சம் கையிருப்பு வேண்டுமென்றால் நாலு. மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண இண்டக்‌ஷன் வகை என்றால் சுற்று 2,880 அளவில்தான் வரும். அழுத்தம் சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 64 சதவீதமாகக் குறைந்துவிடும். ஈடுகட்ட இம்பெல்லர் விட்டத்தை 44 சென்டிமீட்டருக்குக் கூட்ட வேண்டும், அல்லது பெல்ட் போட்டுச் சுற்றை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கவனம்: சுற்று 20 சதவீதம் கூடினால் தேவைப்படும் திறன் 73 சதவீதம் கூடும்.

இந்த வகை விசிறியில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது. வாயை அடைத்தால் மோட்டாருக்குச் சுமை கூடும் என்று தோன்றும். இல்லை, குறையும். வேக்குவம் க்ளீனர் குழாயை உள்ளங்கையால் மூடினால் மோட்டார் சத்தம் உச்சத்துக்கு ஏறுவதைக் கேட்டிருப்பீர்கள். வேலை இல்லாததால் வேகமாகச் சுற்றுகிறது. தடையில்லாமல் காற்று பாயும்போதுதான் மோட்டார் திணறும். பையும் இல்லாமல் நாசிலும் இல்லாமல் வண்டியை ஓட்டிச் சோதிக்கும் நாளில்தான் மோட்டார் சூடேறி நிற்கும். ஆகவே மேலே போட்ட கணக்கு பையும் நாசிலும் மாட்டி வேலை செய்யும் நிலைக்கு மட்டும். திறந்துவிட்ட நிலையில் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று தனியாக அளந்து பாருங்கள்.

ஊதும் பக்கம் வேகமா, காற்றின் அளவா என்ற பழைய வாக்குவாதத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குப்பையைத் தள்ளும் உந்துவிசை என்பது காற்றின் நிறையோட்டம் பெருக்கல் வேகம். விநாடிக்கு கால் கன மீட்டர் காற்றை 60 மீட்டர் வேகத்தில் விட்டால் 18 நியூட்டன். அரை கன மீட்டரை 30 மீட்டர் வேகத்தில் விட்டாலும் அதே 18 நியூட்டன். ஆனால் முதலாவதற்குக் காற்றுத் திறன் 540 வாட், இரண்டாவதற்கு 270. பாதிச் செலவில் அதே தள்ளு! பெரிய சக்கர ப்ளோயர்கள் அகன்ற வாயோடு இருப்பது இதனால்தான். கைக்கருவியில் பெரிய விசிறியைத் தூக்க முடியாததால் அங்கே வேகத்தை நம்புகிறார்கள். அப்படியானால் நான் ஏன் 60 மீட்டர் எடுத்தேன்? தரையில் ஒட்டிய இலையைப் பெயர்க்க வேகம்தான் வேண்டும், அளவு உதவாது. உலர்ந்த குவியலைப் புரட்டிக்கொண்டு போக அளவு வேண்டும். மாற்றி மாட்டும்படி இரண்டு நாசில் செய்யுங்கள் என்பது என் யோசனை. ஒன்று 8.5 சென்டிமீட்டர் விட்டம், இன்னொன்று அதைப்போல இருமடங்கு பரப்பு. அந்த வேகம் பயன்பட வேண்டுமானால் தாரை தரையோடு படிந்து போக வேண்டும். நாசிலைத் தரைக்கு மிகச் சாய்வாக, பத்து இருபது டிகிரிக்குள் வையுங்கள். செங்குத்தாக அடித்தால் இலை பறக்கும், தூசி உங்கள் முகத்துக்கு வரும், குப்பை நகராது.

உதிரிபாகமாகிப்போன அந்த முதல் வண்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். திருப்புவதற்கு லேசாக இருக்கட்டும் என்று முன்னால் சுழலும் கேஸ்டர் சக்கரம் வைத்தேன், நாசிலைப் பக்கவாட்டில் முன்சக்கரத்துக்கு அருகே நீட்டினேன். ஆன் செய்ததும் வண்டி தானாகவே திரும்ப ஆரம்பித்தது. 25 நியூட்டன், சொல்லப்போனால் இரண்டரை கிலோ தள்ளுதான், ஆனால் பின்சக்கரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி நாள் முழுக்கத் தள்ளினால் மணிக்கட்டு தாங்காது. மாலைக்குள் கை வீங்கிவிட்டது. தாரையின் கோடு, திரும்பாத சக்கரங்களின் அச்சுக்கு நேர்மேலே போகும்படி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டாவது வண்டியில் அப்படித்தான் செய்தேன், முன்சக்கரத்தைப் பூட்டும் ஊசியும் வைத்தேன். மற்றபடி சக்கரம் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை: பின்சக்கரம் பெரிதாக, 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல்; காற்றடைத்த டயர் புல்லிலும் சரளையிலும் நன்றாகப் போகும், ஆனால் முள் குத்தும். பை நிரம்ப நிரம்பப் பாரம் பின்னால் போகும். பை நிறைந்த நிலையிலும் முன்வாய் தரையை விட்டு எழும்பாதபடி எடையைப் பங்கிடுங்கள்.

ஊதுவதற்கும் உறிஞ்சுவதற்கும் மாற்றும் கதவு. விசிறியின் வெளிவாயில் ஒரு மடல் வைத்துப் பைக்கும் நாசிலுக்கும் மாற்றுவது எல்லோருக்கும் தோன்றும். பலர் மறப்பது உள்வாயை. ஊதும்போதும் விசிறி முன்வாய் வழியாகவே காற்றை எடுத்தால், தரையில் கிடக்கும் தூசியை உறிஞ்சி அதையே தாரையில் சேர்த்து அடிக்கும். எதிரே நிற்பவர் மேல் மணல் வீசும் இயந்திரமாகிவிடும். ஆகவே ஊதும்போது முன்வாய் மூடி, மேல்பக்கம் வலை போட்ட தனி உள்வாய் திறக்க வேண்டும். இரண்டு மடல்களையும் ஒரே நெம்பில் இணைத்துவிடுங்கள், தனித்தனியாக வைத்தால் யாராவது ஒன்றை மறப்பார்கள். மடலின் விளிம்பில் சருகு சிக்கி முழுதாக மூடாமல் நிற்பது நிச்சயம் நடக்கும். உரசிக்கொண்டு போகும் தகடு வகையை விட, கீலில் ஆடி ரப்பர் விளிம்பில் அழுந்தும் வகை இதில் தேவலை.

பை வெறும் பாத்திரம் இல்லை, அது வடிகட்டி. அரை கன மீட்டர் காற்று அதன் துணி வழியாகத்தான் வெளியேற வேண்டும். துணிப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு மேல் இருக்கட்டும். குப்பை கீழே சேரச் சேர மேல்பகுதிதான் மூச்சு விடும். ஆக மேல்பாதி காற்று எளிதில் போகும் வலைத்துணி, கீழ்ப்பாதி கெட்டித்துணி என்று பிரிப்பது வழக்கம். வலைத்துணி இலைத்துணுக்கைப் பிடிக்கும், நுண்தூசியைப் பிடிக்காது. மண்ணிலுள்ள சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதில் சந்தேகமே வேண்டாம். பையின் மூச்சுத் துணி தள்ளுபவரின் முகத்தை நோக்கி இருக்கவே கூடாது, கெட்டித்துணிப் பக்கம் அவரை நோக்கி இருக்கட்டும். அப்படியிருந்தும் முகக்கவசம் போட வேண்டும்.

ஈரச் சருகைப் பற்றி: இலைக்கும் தரைக்கும் நடுவே உள்ள தண்ணீர்ப்படலம் அதை ஒட்டி வைத்திருக்கிறது, காற்று அடியில் நுழையவே வழியில்லை. எத்தனை மீட்டர் வேகம் வேண்டும் என்று இதற்கு ஒரு எண்ணை நான் தர மாட்டேன். தரையின் சொரசொரப்பு, இலையின் தடிப்பு, எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். வாயின் முன்விளிம்பில் விறைப்பான நைலான் பிரஷ் ஒரு வரிசை வைத்துக் கிளறிவிட்டால் ஓரளவு வரும். வந்த பிறகு பையை அடைக்கும். என் வண்டியை மழை பெய்த மறுநாள் ஊதுவதற்கு மட்டும் எடுக்கிறேன்.

சத்தம். விசிறியின் இரைச்சல் இறக்கை நுனியின் வேகத்தோடு கடுமையாக ஏறும்; சுற்றைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். பெரிய விட்டம், குறைந்த சுற்று என்று போவதற்கு இது இன்னொரு காரணம், சக்கர வண்டியில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆறு இறக்கை, 3,600 சுற்று என்றால் 360 ஹெர்ட்ஸில் ஒரு ஊளைச் சத்தம் தனியாகக் கேட்கும். நத்தை ஓட்டின் நாக்குக்கும் (காற்று வெளியேறும் இடத்தில் இம்பெல்லரை நெருங்கி நிற்கும் விளிம்பு) இம்பெல்லருக்கும் இடையே விட்டத்தில் எட்டுப் பத்து சதவீதம் இடைவெளி விட்டால் அது மட்டுப்படும், குச்சி சிக்குவதும் குறையும். அழுத்தம் கொஞ்சம் போகும், போகட்டும். தள்ளுபவர் காதருகே 85 டெசிபலைத் தாண்டுகிறதா என்று அளந்துவிட்டுக் காதுக்கவசத்தை முடிவு செய்யுங்கள்.

பேட்டரியா பெட்ரோலா என்பதில் சுருக்கமாக. ஷாஃப்டில் இரண்டு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓட, மோட்டார் இழப்பையும் சேர்த்தால் இரண்டரை கிலோவாட் மணி அளவு பேட்டரி வேண்டும். லித்தியம் பேட்டரித் தொகுதி கிலோவுக்கு 150 வாட் மணி என்று வைத்தால் பதினேழு கிலோ. முதுகில் சுமக்க முடியாது, சக்கரத்தில் வைத்தால் பொருட்டே இல்லை. பெட்ரோல் என்றால் ஒரு லிட்டரில் காரியம் முடிந்துவிடும், ஆனால் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினாகப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் கால்வாசி எரிபொருள் எரியாமலேயே புகைபோக்கி வழியாகப் போகும்.

ஸ்பானர் விஷயத்துக்கு வருகிறேன். நாலு கிலோ எடையுள்ள இம்பெல்லர் 3,600 சுற்றில் தேக்கி வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 4,300 ஜூல். 44 கிலோ மூட்டை ஒன்றைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் அடி அது. சுவிட்சை அணைத்த பிறகும் வெகுநேரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும், நின்றுவிட்டது என்று நினைத்து அடைப்பை எடுக்கக் கையை விடுவார்கள். விபத்து நடப்பது இந்தச் சில விநாடிகளில்தான். இயந்திரப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 13857 தரநிலை, 40 முதல் 120 மில்லிமீட்டர் வரையான திறப்பு இருந்தால் ஆபத்தான பாகம் குறைந்தது 850 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும் என்கிறது, கை நீளத்தைக் கணக்கில் எடுத்து. உங்கள் 18 சென்டிமீட்டர் குழாய் அதையும் தாண்டிய திறப்பு, அந்தக் கணக்கே அங்கே செல்லாது. எனவே பை கழன்றாலோ, குழாய் கழன்றாலோ, கல் பெட்டி திறந்தாலோ மின்சாரம் துண்டாகும் சுவிட்ச் மூன்று இடத்திலும் வேண்டும். மோட்டாரில் பிரேக் வைக்க முடிந்தால் வையுங்கள். இல்லையென்றால் ஸ்பானர்தான் பிரேக், கதவைக் கழற்றி முடிப்பதற்குள் இம்பெல்லர் நின்றிருக்கும். நிற்கிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு போல்ட் எத்தனை என்று முடிவு செய்யுங்கள்.

முதல் வடிவம் தயாரானதும் பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். அகலமான பலகை ஒன்றை எடை மெஷின் மேல் வைத்து, நாசிலை அரை மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே பிடித்து ஊதுங்கள். கண்ணாடியும் கவசமும் போட்டுக்கொண்டு, சுத்தமான தரையில். மெஷின் காட்டும் கிலோவைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நியூட்டனில் உந்துவிசை. 8.5 சென்டிமீட்டர் நாசிலுக்கு இரண்டரை கிலோ காட்டினால் வேகம் விநாடிக்கு 60 மீட்டர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றரை கிலோதான் காட்டுகிறது என்றால் வேகம் 47 மீட்டர். மோட்டாரை மாற்றக் கிளம்பாதீர்கள், முதலில் மடல் விளிம்பில் ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பாருங்கள். என் வண்டியில் காணாமல் போன ஒரு கிலோ அங்கேதான் ஒழுகிக்கொண்டிருந்தது.